மந்து பெட்டி உந்தி

எங்கள் வீட்டுத் துப்பாக்கி மூன்று இடத்தில் இருந்தது. குழலும் கட்டையும் நடுவீட்டு உத்தரத்துக்குக் கீழே, நைனா கையை உயர்த்தினால் மட்டும் எட்டுகிற உயரத்தில், இரண்டு இரும்புக் கொக்கிகளில். வெடிமருந்து ஒரு தகரப் பெட்டியில், அந்தப் பெட்டி அலமாரிக்குள், அலமாரிக்குப் பூட்டு, சாவி நைனாவின் அரைஞாண் கயிற்றில். குதிரை அடித்ததும் பொறி கிளப்பி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிற குட்டிச் செம்புத் தொப்பிகளைக் கேப்பு என்போம். அவை அம்மாவின் இடுப்புச் சுருக்குப் பையில், பாக்குத் துண்டுகளோடு கிடக்கும். "மூணும் ஒண்ணா சேரக் கூடாது. சேந்தாதான் அது துப்பாக்கி. இல்லன்னா வெறும் கொழா" என்று நைனா சொல்லிக்கொண்டே இருப்பார்.

இவ்வளவு ஒழுங்கு பார்த்த வீட்டில்தான் என் தம்பி குண்டு பட்டுச் செத்தான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே, "சின்னப் பசங்க இருக்கிற வீட்டில் துப்பாக்கியை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எங்கே வைத்திருந்தோம் என்று சொல்லிவிட்டேன். மற்றதையும் சொல்கிறேன்.

சத்தியவேட்டுக்கு மேற்கே காட்டை ஒட்டி எங்கள் ஊர். வேர்க்கடலை போட்டால் காய் பிடிக்கிற நேரத்தில் காட்டுப் பன்றி குடும்பத்தோடு விருந்துக்கு வந்துவிடும். ஒரே ராத்திரியில் ஒரு கடலைக் கொல்லையையே உழுதுவிட்டுப் போகும். அதற்காகத்தான் அந்த நாட்டுத் துப்பாக்கிக்கு நைனா லைசென்ஸ் வாங்கியிருந்தார். அதில் எங்கள் காவல்காரர் பேரும் சேர்த்து எழுதியிருந்தது. அவர் காளஸ்திப் பக்கத்து மனிதர். அறுவடை முடியும்வரை கொல்லையில் பரண் கட்டிப் படுப்பார். தெலுங்கு தவிர ஒரு சொல் வராது. எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஊரில் பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர்கள். நானும் தம்பியும் பம்பரம் விடும்போது சண்டை போடுவது தெலுங்கில், வீட்டுக்கு வந்து கோள் சொல்வது தமிழில்.

அம்மாவுக்கு மட்டும் தெலுங்கு வராது. அவள் தெற்கே திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கடையில் கேட்டு வாங்குகிற அளவுக்கு உப்பு, பப்பு, உந்தி, லேது என்று நாலு சொல் பழகி வைத்திருந்தாள். அதை வைத்துக்கொண்டு முழுத் தெலுங்கும் தெரிந்த மாதிரி தலையாட்டுவாள். நாங்கள் அவளைக் கேலி செய்வோம். "போங்கடா, எனக்கு வேண்டியது புரிஞ்சா போதும்" என்பாள்.

துப்பாக்கிக்கு இன்னொரு ஒழுங்கும் இருந்தது. அந்த வகைத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாக மருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்ததை வெளியே எடுப்பது லேசில்லை. சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதனால் ராத்திரி பன்றி வராமல் போனால், காலையில் காவல்காரர் ஏரிக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து ஒரு வெடி வெடித்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா, "காவல்காரரு வர்றாரு, கஞ்சி எடுத்து வை" என்று என்னிடம் சொல்வாள். சத்தம் கேட்காவிட்டால் ராத்திரியே பன்றி மேல் சுட்டுவிட்டார் என்று அர்த்தம். எப்படியானாலும் எங்கள் வாசப்படி தாண்டி உள்ளே வருகிற துப்பாக்கி வெறும் துப்பாக்கிதான். நான் பிறந்ததிலிருந்து அது மாறியதில்லை.

தீபாவளிக்கு டவுன் பிள்ளைகள் தகரத் துப்பாக்கி வைத்துக்கொண்டு பொட்டு வெடி வெடிப்பார்கள். சிவப்புக் காகிதத்தில் பொட்டு மாதிரி மருந்து ஒட்டியிருக்கும், அதுதான் பொட்டு வெடி. எங்களுக்குத் தகரத் துப்பாக்கி வாங்கித் தர மாட்டார் நைனா. "நெஜத்த வீட்ல வச்சிக்கினு தகரம் எதுக்கு?" என்பார். அதற்குப் பதில் வருஷத்தில் அந்த ஒரு நாள் காலையில், எண்ணெய்க் குளியல் முடிந்ததும், நிஜத் துப்பாக்கியைக் கொக்கியிலிருந்து இறக்குவார். கம்பியைக் குழலுக்குள் விட்டுக் காட்டுவார். அடியில் இரும்பில் பட்டு 'டிங்' என்று கேட்கும். "கேட்டுதா? காலி" என்பார். பிறகு கேப்பு மாட்டுகிற முனையில் ஒரு பொட்டு வெடியைக் கிழித்து வைத்து, குதிரையை இழுத்து விடுவார். பட்டென்று வெடிக்கும். குழலின் வாயிலிருந்து கொஞ்சம் புகையும் சூடான ஊதலும் வரும்.

அந்த ஊதலுக்காகத்தான் நாங்கள் வருஷம் முழுவதும் காத்திருப்போம். ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளங்கையைக் குழலின் வாயில் வைத்துப் பொத்திக்கொள்வோம். பட் என்றதும் உள்ளங்கையில் புஸ்ஸென்று காற்று மோதும். தம்பி குழலுக்குள் ஒரு குட்டி ஆள் குடியிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தான். "உள்ள ஒக்காந்துக்கினு ஊதறான்க்கா. அவன் இன்னா துன்னுவான்?" என்று கேட்பான். நான் வேர்க்கடலை என்று சொல்லி வைத்தேன். அவன் ஒரு தடவை குழலுக்குள் வேர்க்கடலை போடப் போய் நைனாவிடம் அடி வாங்கினான்.

இந்த விளையாட்டு அம்மாவுக்குப் பிடிக்காது. "அத எறக்காதீங்க. பசங்க கண்ணுல காட்டாதீங்க" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சண்டை. நைனாவின் நியாயம் வேறு. வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டால் ஆசை அடங்கும், மற்ற நாளில் திருட்டுத்தனமாக எடுக்க மாட்டார்கள் என்பார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. நாங்கள் ஒரு நாளும் திருட்டுத்தனமாக முக்காலி போட்டு ஏறியதில்லை. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள் என்றுதான் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எட்டவில்லை. பெரியவர்தான் இறக்கிக் கொடுத்தார்.

அந்த வருஷம் எல்லை பிரிக்கிற நேரம். எங்கள் பக்கம் ஆந்திராவுக்குப் போகப்போகிறது, திருத்தணிப் பக்கம் மதராசுக்கு வரப்போகிறது என்று பேச்சு. மேய்கிற மாடு ஆந்திராவில் புல் தின்று மதராசில் பால் கறக்கும் என்று நைனா கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் எல்லோரும் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் போட்டார்கள். சுவரெல்லாம் எழுதினார்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்திய பெண்கள், நீ எந்த ஜனம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊரில் யாரோ கல்யாணத்துக்கு வேட்டுப் போட, கலவரம் என்று நினைத்துப் போலீஸ் வண்டி வந்து நின்றது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் ஏரிக்கரையில் சங்கிலி பிடித்து அளக்கிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லைக் கல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூடவே போலீஸ். ராத்திரி பன்றி வரவில்லை. காவல்காரர் கெட்டித்த துப்பாக்கியோடு கரையில் ஏறியவர், அந்தக் கூட்டத்தைப் பார்த்து அப்படியே இறங்கிவிட்டார். அவ்வளவு போலீசுக்கு நடுவில், அதுவும் அந்த நேரத்தில், தெலுங்குக்காரர் ஒருவர் துப்பாக்கி வெடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கேப்பை மட்டும் கழற்றி மடியில் செருகிக்கொண்டு சுற்று வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தாள். நைனா புத்தூருக்குத் துணி எடுக்கப் போயிருந்தார். நானும் தம்பியும் தெருவில். காவல்காரர் கேப்பை அம்மா கையில் கொடுத்தார். மருந்துப் பெட்டியை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். தானே முக்காலி போட்டு ஏறித் துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு அம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"அம்மா, மந்து பெட்டி உந்தி. ஐயகி செப்பண்டி."

அம்மா தலையாட்டினாள். "சரிங்க, வந்ததும் சொல்லிடறேன்" என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுத் தீபாவளிக்குத் தன் ஊருக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் நைனா வந்தார். துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"காவலாளு வந்தானா? இன்னா சொன்னான்?"

"மருந்து பொட்டி கீதாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

நைனா பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். "ஆமா, கீது" என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார். மருந்து பெட்டியில் இருக்கிறது. கேப்பு அம்மாவிடம் இருக்கிறது. துப்பாக்கி கொக்கியில் இருக்கிறது. எல்லாம் அதது இடத்தில் இருக்கிறது என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் புதுத்துணி போட்டுக்கொண்டு நாங்கள் உத்தரத்துக்குக் கீழே போய் நின்றோம். தம்பிக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மா அடுப்படியிலிருந்து வழக்கம்போல, "வேணாங்க" என்றாள். நைனா வழக்கம்போல, "ஒரே ஒரு வாட்டி" என்றார். துப்பாக்கியை இறக்கினார். கம்பியைத் தேடினார். அது கொல்லையில், பரணுக்கு அடியில் இருந்த குடிசையிலேயே தங்கிவிட்டது. எடுத்துவர ஏரியைச் சுற்றிப் போக வேண்டும். தம்பி குதித்துக்கொண்டிருந்தான். "மருந்துதான் பொட்டியில கீதே" என்று நைனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது என் காதில் விழுந்தது.

யார் முதலில் கை வைப்பது என்று எங்களுக்குள் தகராறு. போன வருஷம் நான் முதலில் வைத்ததால் இந்த வருஷம் அவன் முறை. கால்சட்டையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் குழலின் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளே இருக்கிற ஆள் சொல்வது கேட்கும் என்று காதையும் கிட்டத்தில் வைத்தான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அதற்கு மேல் அந்த அறையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வீடு முழுக்கப் புகை. தெருவில் எல்லோரும் யாரோ பெரிய வெடி வெடித்தார்கள் என்று நினைத்தார்களாம். வண்டி பூட்டிச் சத்தியவேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் நைனா வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

செய்தி காளஸ்திப் பக்கம் போய், காவல்காரர் அழுதுகொண்டு ஓடி வந்தார். ஊர் எல்லையிலேயே அவரைப் பிடித்துவிட்டார்கள். கெட்டித்த துப்பாக்கியைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மாட்டிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான் என்பது ஒரு பேச்சு. வேண்டுமென்றே செய்தான் என்பது அடுத்த பேச்சு. சாயங்காலத்துக்குள் அது தெலுங்கன் தமிழ்ப் பிள்ளையைக் கொன்றுவிட்டான் என்று ஆகிவிட்டது. எல்லைக் கூட்டம் நடத்துகிறவர்கள் டவுனிலிருந்து கொடியோடு வந்தார்கள். தம்பியின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அவனுக்குப் படம் எடுத்ததே இல்லை. இருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து சாவடியில் உட்கார்ந்தார். கிராம முன்சீப், பெரியப்பா, கூட்டத்துக்காரர்கள் எல்லோரும் அங்கே. காவல்காரரைக் கையைக் கட்டித் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மேல் கொலைக் கேஸ் எழுதப் போகிறார்கள் என்று துக்கம் கேட்க வந்த ஒரு பெண் அம்மாவிடம் சொன்னாள். மூன்று நாளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து தலையை அள்ளி முடிந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உறவுக்காரப் பெண்கள் மறித்தார்கள். பதினாறு முடியாமல் வாசப்படி தாண்டக் கூடாது என்றார்கள்.

"எம்புள்ளயே தாண்டிப் பூட்டான். நான் தாண்டனா இன்னா?" என்றாள்.

சாவடிக்குப் போகிற வரைக்கும் அவள் என் கையை விடவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த மனிதர் சொல்லாமல் போகவில்லை. வந்தார், கேப்பைக் கொடுத்தார், பெட்டியைக் கொடுத்தார், ஏதோ சொல்லிவிட்டுத்தான் போனார். செய்யாத பாவத்துக்கு ஒருவர் ஜெயிலுக்குப் போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதைச் சொல்லத்தான் வந்தாள்.

"அவரு சொல்லாம போவல சாமி. மருந்து பொட்டி கீதுன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

கூட்டத்தில் ஒருவர், "பாத்தீங்களா? பொட்டியப் பத்திதான் சொல்லிக்கிறான். துப்பாக்கியப் பத்தி ஒரு வார்த்த சொல்லல" என்றார்.

தரையில் இருந்த காவல்காரர் தலையைத் தூக்கினார். முகம் வீங்கியிருந்தது. "செப்பினானு அம்மா. மந்து பெட்டி உந்தி அனி செப்பினானு" என்றார்.

"அதேதான். அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அம்மா.

சாவடியில் தெலுங்கு தெரிந்தவர்கள் அத்தனை பேரும் கீழே பார்த்தார்கள். முன்சீப் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நைனா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்காததால் கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி? இன்னா சொன்னாரு அவரு?"

எனக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடத்தில் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்வதில் நான்தான் முதல். அதுவரை அந்த வித்தையில் எனக்குப் பெருமை இருந்தது.

"பெட்டின்னா பொட்டி இல்லம்மா" என்றேன். "தெலுங்குல பெட்டின்னா வச்சின்னு அர்த்தம். மந்து பெட்டி உந்தின்னா மருந்து வச்சிருக்குன்னு. துப்பாக்கில மருந்து வச்சிருக்கு, நைனாகிட்ட சொல்லுங்கன்னு சொல்லிக்கிறாரு."

மந்து என்றால் மருந்து, உந்தி என்றால் இருக்கிறது. அம்மா அந்தத் தெலுங்குச் சொல் இரண்டையும் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். நடுவில் இருந்ததைத் தமிழ் என்று நினைத்துவிட்டாள். நாங்கள் பொட்டி என்போம். அவர் பெட்டி என்றாரே, படித்தவர் மாதிரி எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டதாக ரொம்ப வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள்.

அவள் அங்கே அழவில்லை. நான் சொன்னதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. எனக்கு எலும்பு வலித்தது. பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்குங்க. அவரு சொன்னாரு. எனக்குத்தான் வெளங்கல."

பெரியப்பா பாய்ந்து வந்தார். "இவளுக்குப் புத்தி கலங்கிப் போச்சி. இவ சொல்றத எழுதாதீங்க" என்றார். கொடி பிடித்தவர், "யோசிச்சுச் சொல்லும்மா, அந்தாளக் காப்பாத்தி உனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றார். அம்மா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

"எழுதிக்குங்க சாமி" என்றாள் மறுபடி. "எம்புள்ள மேல சத்தியமா சொல்றேன்."

இல்லாத பிள்ளை மேல் சத்தியம் பண்ணுகிறாளே என்று நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். நைனா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். "குதிரைய இழுத்தவன் நான். அதையும் எழுதிக்குங்க" என்றார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். விபத்து என்று எழுதி முடித்தார். காவல்காரரை அவிழ்த்துவிட்டார்கள். கொடி பிடித்தவர்கள் டவுனுக்குத் திரும்பிப் போனார்கள்.

ஊரும் உறவும் அதன் பிறகு அம்மாவை விடவில்லை. வாழ வந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்ளத் துப்பில்லாமல் பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். இதே வாய்கள்தான் இரண்டு நாள் முன்பு தெலுங்கே ஆகாது என்று கத்தியவை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நைனா ஒரு வார்த்தை அவளைச் சொன்னதில்லை. அவளும் ஏன் இறக்கினாய் என்று அவரைக் கேட்டதில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். உத்தரத்துக் கொக்கி இரண்டையும் பிடுங்கப் பார்த்து, முடியாமல் அடித்து வளைத்துவிட்டார். அடுத்த வருஷம் பன்றி வந்து கொல்லையை உழுதது. உழட்டும் என்று விட்டுவிட்டோம்.

காவல்காரர் எங்களை விட்டுப் போகவில்லை. போகச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அம்மாதான் இருக்கச் சொன்னாள். மாடு பார்த்துக்கொண்டு எங்களோடேயே இருந்தார். அவர் தமிழ் கற்றுக்கொண்டார். அம்மா தெலுங்கு கற்றுக்கொண்டாள். இரண்டு பேரும் தங்கள் பாஷையை விட்டுவிட்டு அடுத்தவர் பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். அவர் ஓட்டைத் தமிழில், "அம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டினேன்" என்பார். அவள் அதையே ஓட்டைத் தெலுங்கில் அவருக்குத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்பாள். அவர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் உள்ளே போவாள்.

ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் தெலுங்கு ஆயிற்று. அம்மா தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய பாடத்தை ஒப்பிக்கச் சொல்வாள். பிறகு அது அவளுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. யார் என்ன சொன்னாலும், "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்பாள். தான் எதைச் சொன்னாலும் இரண்டு பாஷையிலும் சொல்வாள். கடைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். இன்னொரு வாட்டியம்மா என்று பிள்ளைகள் அவளுக்குப் பேர் வைத்தார்கள். அவள் சிரித்துவிட்டு அந்தப் பேரையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள்.

நைனா போன பிறகு அவளைத் திருப்பதிக்கு என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். எண்பதைத் தாண்டியதும் நினைவு தப்ப ஆரம்பித்தது. என்னைத் தெரியாது. நைனாவைத் தெரியாது. தம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் அழிந்துபோயிற்று, இனியாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நான்கூட நினைத்தேன். கடைசியில் ஜுரம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் மகள் தன் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்திருந்தாள். அதுகள் கட்டிலுக்கு அடியில் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தன.

நர்ஸ் பெண் வந்தாள். சின்னப் பெண், நல்ல சிரித்த முகம். ஒரு கிண்ணியில் மருந்தை ஊற்றி மேசை மேல் வைத்தாள்.

"அவ்வா, மந்து பெட்டி உந்தி. தாகண்டி" என்றாள். மருந்து வைத்திருக்கிறேன், குடியுங்கள் பாட்டி என்று அர்த்தம்.

அம்மா கண்ணைத் திறந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் கண்ணில் அவள் இருந்தாள். முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். நர்சைப் பார்த்து, "பில்லல்னி பயட்டிகி பம்பிஞ்சு" என்றாள். அவளுக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள்.

"புள்ளைங்கள வெளிய அனுப்பு."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு குழந்தைகளையும் கையைப் பிடித்து இழுத்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வந்து, அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். பிறகு தெலுங்கிலும் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவள் வாயைத் திறந்து மருந்தைக் குடித்தாள்.